கயிறு தொட்டவருக்குப் பங்கு

ஆரணியில் நான் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருந்தபோது, எதிர்ப்புறத்தில் ஒரு அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு தள்ளுவண்டி, ஒரு தராசு, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி, மேலே நீலத் தார்ப்பாய். அவ்வளவுதான் கடை. ஆனால் அந்த வண்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அக்காவிடம் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லை. தெருவில் போனவர்கள்தான்.

"ஒரு கை குடுங்க" என்பார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கூட நின்று, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடுவார். கை கொடுத்தவரை அக்கா வெறுங்கையோடு விடமாட்டார். நாலு நெத்திலி, ஒரு மீன் தலை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கைப்பிடி இறால் பொடி. வேண்டாம் என்று சொன்னால் முகம் சுருங்கிப் போகும்.

"பிச்சையா போடறேன்? பங்குங்க இது. எடுத்துகினு போங்க."

இந்தப் பங்குக் கணக்கு அவர் பிறந்த இடத்திலிருந்து வந்தது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு குப்பம். அங்கே கரைவலை என்று ஒரு பெரிய வலை உண்டு. படகில் ஏற்றிக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நிற்பவர்கள் இழுத்து வருவார்கள். ஊரே சேர்ந்தால்தான் வரும். வழிப்போக்கன் ஒருவன் நின்று கயிற்றைத் தொட்டால், மீன் கரைக்கு வந்ததும் அவனுக்கும் ஒரு கூறு வைத்தாக வேண்டும். அக்கா இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது நான் அவருக்காக ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை என் தட்டில் ஒரு சங்கரா மீன் பொரித்து வந்து சேர்ந்தது.

ஆரணிக்காரர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். கணவர் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். விரல்கள் ஒருநாள் மாம்பழ நிறத்தில் இருக்கும், மறுநாள் அரக்கு. முள்ளிப்பட்டில் மாமியார் வீட்டில் தறி இருந்தது. மருமகளையும் அதில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பேஜாரா இருக்குது என்று எழுந்துவிட்டாராம். அதன்பிறகுதான் வந்தவாசி வழியாக வரும் பஸ்ஸில் தம்பி அனுப்பி வைக்கிற கடல் மீனை இங்கே விற்க ஆரம்பித்தார். ஏரி மீனைத் தவிர வேறெதையும் நம்பாத தெருவுக்கு நண்டும் கவலை மீனும் பழக்கிவிட்டவர் அவர்தான்.

ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. முகூர்த்தப் பட்டு பிளவுஸ் தைக்கிற கடைக்கு எதிரே மீன் வாடை என்றால் எப்படி இருக்கும்? என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டவர் பக்கத்துப் பட்டு முதலாளி. அந்த வட்டாரத்தில் பாதித் தறிகளுக்கு அவர்தான் பாவும் நூலும் கொடுப்பார். வருஷந்தோறும் திருமலைச் சமணக் கோயிலுக்குப் போய் வருகிற குடும்பம். அந்தி சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, மீன் என்ற சொல்லைக்கூட வீட்டில் உச்சரிக்கமாட்டார்கள். ஒருநாள் வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லிச் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்த நேரம் காற்றடித்துத் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டது. அக்கா அதன் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் புடிங்க முதலாளி, கட்டிட்டு வந்து கேக்கறேன் என்றார். முதலாளி பிடித்துக்கொண்டு நின்றார். கட்டி முடித்தபோது கோபத்தில் பாதி போயிருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் போயிற்று. நேற்றுத் தார்ப்பாய் பிடித்ததற்கான பங்கு என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். மீன் அனுப்பக்கூடாது என்பது தெரிந்திருந்தது பாருங்கள்.

மீதிக் கோபமும் போனது அந்த ஐப்பசியில். எங்கள் தெருவில் காலை வேளைகளில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், பட்டு நூல்களைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, நீவிச் சுருட்ட வேண்டும். அன்று முதலாளியின் பாவு, அரக்கு நிறம், கோயில் முனையிலிருந்து கல்யாண மண்டபம்வரை கிடந்தது. வானம் தெளிவாகத்தான் இருந்தது. திடீரென்று பொட்டுப்பொட்டாகத் தூறல் விழுந்தது. அவசரமாகச் சுருட்டினால் சிக்கிக்கொள்ளும். அப்படியே விட்டால் சாயம் கலங்கிப் போகும். வேலை செய்துகொண்டிருந்த ஐந்தாறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அக்கா வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு நடுவே வந்தார். கடைக்காரர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், நான், என் வாடிக்கையாளர்கள் என்று எல்லாரையும் பாவின் இருபுறமும் நிறுத்தினார். ஒருத்தரும் முன்னால ஓடக்கூடாது, ஒருத்தரும் பின்தங்கக்கூடாது, என் குரலுக்குக் காலை எடுத்து வையுங்கள் என்றார். கடற்கரையில் வலை இழுக்கும்போது கொடுக்கிற குரல் அது. எங்கள் தெரு அதற்குமுன் கேட்டதில்லை. அவர் குரல் கொடுக்க, நாங்கள் அடி வைக்க, அந்த நீளப் பட்டு கொஞ்சமும் தொய்யாமல் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தது.

உள்ளே முகூர்த்தம் முடிந்து ஆசீர்வாதம் நடந்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். வாசலிலிருந்து மணமேடைவரை அரக்குப் பட்டு வந்து நிற்கிறது, பின்னால் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இடம் போதவில்லை. அக்கா மேடையைப் பார்த்து, மாப்ளே, ஒரு கை குடுப்பா என்றார். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்து, பாவின் முனையைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினான். மணப்பெண் சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் வந்து நின்று பிடித்தாள். வெளியே மழை கொட்டித் தீர்த்தது. ஒரு இழை நனையவில்லை.

முதலாளி ஓடி வந்து, இழை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அக்கா விடவில்லை. "பாவு உங்களுது முதலாளி. புடிச்சவங்க இவங்க. பங்கு இன்னா?" என்று கேட்டார். அன்றைக்குத் தெரு முழுக்க நெய்ப்பொங்கல். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் அக்காவே மறுவீட்டு விருந்தன்று ஒரு முழு வஞ்சிரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மதியமே வண்டிக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். தம்பி போன் செய்திருந்தான். அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது, ஸ்பீக்கரில்தான் போடுவார். அதனால் நானும் கேட்டேன். கரைவலை இழுக்கிற அந்த மணல்வெளியை ஒரு கம்பெனி சொகுசு விடுதி கட்டக் கேட்கிறது. அங்கே யாரும் தொழில் செய்வதில்லை, பல வருஷமாக வலை இறங்கவில்லை என்று அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறார்கள். அளந்து கம்பம் நட்டாயிற்று. பங்குனியில் ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். வேலி விழுந்துவிட்டால் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும்கூட இடமிருக்காது.

கம்பெனி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கரைவலை உண்மையிலேயே இறங்கவில்லை. அந்தக் கரையில் வடக்கில் ஒரு குப்பம், தெற்கில் ஒரு குப்பம். தெற்கு அக்காவுடையது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கரைவலைதான். கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று ஒரு சண்டை மூண்டு, கடைசியில் அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதுபோல் வலையைப் பிரித்துக்கொண்டார்கள். மீன் வந்து விழுகிற மடி வடக்குக்கு, கயிறுகள் தெற்குக்கு. மடியில்லாத கயிறும் கயிறில்லாத மடியும் யாருக்கு உதவும்? இளவட்டங்கள் சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அக்கா என் மேஜையில் கிடந்த பட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கடைசியில், "டைலரு, நாளைக்கு எங்கூட வரியா? தனியா போனா அழுதுருவேன்" என்றார்.

போனோம். தெற்குக் குப்பத்தில் தம்பி வீட்டில் பையை வைத்துவிட்டு நேராக வடக்குக்கு நடந்தார். வடக்குக் குப்பத்துத் தலைவர் வயதானவர், பெரிய மீசைக்காரர். கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்காவை யாரென்று தெரிந்துகொண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா எதிரே உட்கார்ந்து, கிடந்த இன்னொரு ஊசியை எடுத்து, வலையின் மறுபக்கத்திலிருந்து பின்ன ஆரம்பித்தார். என்னை நடுவில் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வெயில் ஏறியது. தலைவர் எங்களை எழுந்து போகவும் சொல்லவில்லை, பேசவும் இல்லை. நடுவில் டீ மட்டும் வரவழைத்தார். வலை முழுசாக முடிந்ததும் அக்கா ஊசியைக் கீழே வைத்தார்.

"பெரிப்பா, வேலை முடிஞ்சிச்சி. என் பங்கு இன்னா?"

"வலை பின்னதுக்கு எவம்மா பங்கு கேட்டான்? சரி, இன்னா வோணும், மீனா?"

"உங்க வூட்டுப் பரண்ல மடி கெடக்குது இல்ல. அத்த குடுங்க."

தலைவர் முடிந்த வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அத்த வெச்சிகினு நான் மட்டும் இன்னாத்த கிழிச்சேன்? எலி குட்டி போட்டுச்சி."

ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். வடக்குக் கயிற்றை அவருடைய ஆட்கள் மட்டும்தான் பிடிப்பார்கள். தெற்குக்காரன் எவனும் அதைத் தொடக்கூடாது. அக்கா உடனே ஒப்புக்கொண்டார். நீங்கள் அந்தக் கோடியில், நாங்கள் இந்தக் கோடியில், யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம் என்றார். திரும்பி நடக்கும்போது அவர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டது எனக்குப் புரியவில்லை. கரைவலை எப்படி வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆள் போதாது என்று தலைவர் சொன்னதற்கு, ஆளை நான் கூட்டி வருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் தெருத்தெருவாகப் போனார். முதலாளியிடமும் போனார். அவர் யோசித்துவிட்டு, உயிரைக் கொல்கிற வேலைக்கு என் கை வராதும்மா, தப்பா எடுத்துக்காதே, ஆனா என்னிடம் நெய்கிறவர்களுக்கு அன்றைக்கு லீவு என்றார். அதுவே பெரிய கை என்று அக்கா சொன்னார். அதிகாரி வருகிற நாளன்று பஸ் கிளம்பும்போது தறிக்காரர்கள், அக்காவின் கணவரோடு சாயப்பட்டறை ஆட்கள், நான், முன்பு மணமாலையோடு பாவு பிடித்த அந்தப் பையனும் அவன் மனைவியும் என்று நிற்கக்கூட இடமில்லை.

கரையில் இறங்கியபோது சூரியன் கடலுக்கு மேலே ஒரு பனையளவு ஏறியிருந்தது. எலி கடித்த மடியை இரண்டு குப்பத்துப் பெண்களும் சேர்ந்து சரிசெய்து முடித்திருந்தார்கள். படகு வலையோடு கிளம்பி, தூரத்தில் வளைந்து, கரைக்குத் திரும்பியது. வடக்குக் கயிறு அங்கே, தெற்குக் கயிறு இங்கே, நடுவில் ஒரு தெருவின் தூரம். நாங்கள் தெற்குக் கயிற்றில். இழுத்தால் கடல் திருப்பி இழுக்கிறது. நெசவுக் கைக்கு மெல்லிய இழை பழக்கம். இந்தக் கயிறு மணிக்கட்டுப் பருமன், உப்பு ஊறி முரடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. அக்கா குரல் கொடுக்க ஆரம்பித்தார். அது எங்கள் காலுக்குப் பழகிய குரல். பாவு நடந்த அதே நடையில் பின்னால் போனோம். எங்கள் நடையைப் பார்த்து வடக்கிலிருந்தும் பதில் குரல் வந்தது.

அதிகாரி கம்பெனி ஆள் ஒருவரோடு வந்து இறங்கினார். கம்பெனி ஆள் எங்களைக் காட்டி, சார், இவங்க மீனவங்களே இல்ல, ஆரணியில சேலை நெய்யறவங்க, உங்களுக்குக் காட்ட பஸ் வெச்சி கூட்டி வந்திருக்காங்க என்றார். எல்லாருடைய கையும் தளர்ந்தது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

பதில் வடக்குக் கயிற்றிலிருந்து வந்தது. தலைவர் இடுப்பில் கயிற்றோடு நின்றபடியே சொன்னார்.

"கரைவலைக்கு ஊரு இன்னா, தொழிலு இன்னா சார்? தொட்டவன் இஸ்தவன். எங்க தாத்தா காலத்துல மாடு மேய்ச்சிகினு போனவன்கூட இஸ்துட்டு மீன் வாங்கிகினு போவான். இதான் சார் எங்க வழக்கம். இத்த பாக்கத்தான வந்தீங்க?"

அதிகாரி எங்கள் கயிற்றின் பக்கம் நடந்து வந்தார். வலை கனத்துவிட்டது. தெற்குப் பக்கம் நாங்கள் பின்தங்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் பின்தங்கினால் வலை கோணிக்கொண்டு மீன் எல்லாம் போய்விடும். அக்கா திரும்பிப் பார்த்தார். மிக அருகில் நின்றவர் அந்த அதிகாரிதான்.

"சார், ஒரு கை குடுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, போனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்தார்.

வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு கயிற்றுக்காரர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர வேண்டும். இல்லாவிட்டால் வாய் மூடாது. அக்கா அன்றைக்கு ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில் வடக்கும் தெற்கும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அக்காவின் தம்பி பக்கத்தில் தலைவர். அலை நுரையில் கால் வழுக்கிய தலைவரைத் தம்பி அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். யார் கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அதற்குப்பின் யாரும் பார்க்கவில்லை.

மடி மணலில் ஏறியது. நெத்திலியும் காரப்பொடி மீனும் நடுவே சில கவலை மீனுமாக வெள்ளி கொட்டியதுபோல் துள்ளியது. தறிக்காரர்கள் கத்தினார்கள். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் மணலில் படுத்தே விட்டார்.

கூறு போட உட்கார்ந்தார்கள். அக்கா முதல் கூறை அள்ளி அதிகாரியிடம் நீட்டினார். அவர் பின்வாங்கினார். வேலையாய் வந்த இடத்தில் எதையும் வாங்கக்கூடாது என்றார். அக்கா சளைக்கவில்லை.

"லஞ்சம்னா சும்மா நிக்கறவருக்குக் குடுக்கறது சார். நீங்க கயிறு புடிச்சீங்க. கைய பாருங்க, செவந்துகினு கீது."

அவர் கையைப் பார்த்தார். பிறகு சிரித்து, ஒரே ஒரு நெத்திலியை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் எந்த உறுதியும் தரவில்லை. ஆடி பிறப்பதற்குள் நட்ட கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தம்பி போனில் சொன்னபோது தெருவே கேட்டது. அதன்பின் மாதம் ஒருமுறை இரண்டு குப்பமும் சேர்ந்து வலை இறக்குகிறார்கள். மடியும் கயிறும் இப்போது ஒரே கொட்டகையில் இருக்கின்றன.

ஆனால் கூறு போட்ட அந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கயிறு தொட்ட ஒவ்வொருவருக்கும் அள்ளி வைத்த பிறகு, மீதியைக் குப்பங்களுக்குப் பொதுவாகப் பிரிப்பது வழக்கம். அதை வீடு வீடாகப் பெயர் சொல்லித் தலைவர் கூப்பிடுவார். வெளியூரில் கட்டிக்கொண்டு போன பெண்ணுக்குக் கரையில் வீட்டுப் பங்கு கிடையாது. இது அக்காவுக்கும் தெரியும். அவர் கூடைகளை நகர்த்தித் தருவதும் ஆட்களை வரிசையில் விடுவதுமாக இருந்தார். தெற்குக் குப்பத்து வீடுகள் முடிந்தன. வடக்குக் குப்பத்து வீடுகள் முடிந்தன. தலைவர் மணலில் மிச்சமிருந்ததைக் கையால் ஒன்றுகூட்டினார். ஒரு கூறு அளவுக்கு இருந்தது.

"ஆரணிக் குப்பம்" என்று கூப்பிட்டார்.

யாரும் நகரவில்லை. அப்படி ஒரு குப்பம் கிடையாதே. கடலே இல்லாத ஊர். தலைவர் அக்காவைப் பார்த்து மறுபடி கூப்பிட்டார். "உன்னத்தாம்மா. ஆரணிக் குப்பத்து வூட்டுப் பங்கு. வந்து வாங்கு."

அக்கா கூடையைக் கீழே வைத்தார். சேலை நுனியை விரித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டார். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார் தலைவர். தம்பி வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். அக்காவின் கணவர் சாயக்கறை படிந்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் அழவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே பாட்டும் கைத்தட்டலும். அவரவர் பங்கை அவரவர் பையில் முடிந்து வைத்திருந்தோம். வண்டி முழுக்கக் கடல் வாடை. லீவு கொடுத்த முதலாளிக்குப் பங்காக ஒரு குலை நுங்கு கால்மாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தவாசி தாண்டியதும் நான் விளையாட்டாக, அதில் எனக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"உனுக்கு உன் பங்கு குடுத்தாச்சி இல்ல, டைலரு" என்றார். "இது என்து."

அவர் ஒரு பொருளைத் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.